கான்ராட் வைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கான்ராட் வைட் யார்?

1893 ஜனவரி 22 அன்று பெர்லினில் பிறந்த ஜெர்மன் நடிகர். ஊமைப்படக் காலத்தில் ஜெர்மனியின் முதல் வரிசை நட்சத்திரம். 1917 முதல் 1943 வரை ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா என மூன்று நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். பெயர் தெரியாதவர்களுக்குக்கூட அவர் முகம் பழக்கமாக இருக்கலாம். ‘காசாபிளாங்கா’வில் விமானத்திலிருந்து இறங்கி வரும் நாஜி அதிகாரி மேஜர் ஸ்ட்ராஸர் அவர்தான். ‘டாக்டர் காலிகரி’யில் பெட்டிக்குள்ளிருந்து கண் விழிக்கும் கறுப்பு உடைக்காரனும் அவர்தான்.

பயமுறுத்தும் வேடம் போட்டவர்கள் சினிமாவில் நிறையப் பேர் உண்டு. அந்தப் பாத்திரத்துக்குள் இருக்கும் வலியை வைட் அளவுக்குக் காட்டியவர் யாருமில்லை என்பது என் தீர்மானமான கருத்து. அதோடு, 1933இல் அவர் எடுத்த ஒரு முடிவு எந்தக் காலத்து நடிகருக்கும் எளிதில் வாய்க்காத துணிச்சல். இந்தப் பக்கத்தில் அந்த இரண்டையும் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

நடிப்புக்கு எப்படி வந்தார்?

நடுத்தரத்துக்கும் கீழான குடும்பம். கண்டிப்பான அப்பா, பிள்ளையின் ஆசைக்குத் துணை நின்ற அம்மா. படிப்பு ஏறவில்லை. 1912இல் பள்ளியை விட்டபோது வகுப்பில் கடைசி மாணவர். கையில் சான்றிதழும் இல்லை. ஆனால் அப்போதே நாடகப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அந்நாளில் பெர்லினில் நாடகம் என்றால் மாக்ஸ் ராயின்ஹார்ட். அவருடைய டாய்ச்சஸ் தியேட்டரில் நுழைந்துவிட்டால் போதும் என்று ஊரே ஏங்கிய காலம். வைட் அங்கே போய்ச் சேர்ந்து, கூட்டத்தில் ஒருவராக நிற்கும் சின்ன வேடங்களில் தொடங்கினார். ஊமைப்பட உலகத்தின் பெரிய ஜெர்மன் நடிகர்கள் பலரும் ராயின்ஹார்ட் பட்டறையிலிருந்து வந்தவர்கள்தான்.

முதல் உலகப் போரில் சண்டை போட்டாரா?

ஆமாம். 1914 இறுதியில் படையில் சேர்க்கப்பட்டார். 1915இல் ரஷ்யாவுக்கு எதிரான கிழக்குப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அங்கே மஞ்சள் காமாலை, நிமோனியா என்று படுத்துவிட்டார். உடம்பு தேறினாலும் மறுபடி சண்டைக்குப் போகிற நிலையில் இல்லை. அதனால் படைவீரர்களுக்காக நடந்த போர்முனை நாடகக் குழுக்களில் நடிக்க விட்டார்கள். 1917 ஜனவரியில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, பெர்லினுக்கு, அதே ராயின்ஹார்ட் அரங்குக்குத் திரும்பினார். அதே ஆண்டில் சினிமாவிலும் கால் வைத்தார்.

‘டாக்டர் காலிகரி’யில் அப்படி என்னதான் செய்தார்?

படம் 1920 பிப்ரவரியில் பெர்லினில் வெளியானது. இயக்கம் ராபர்ட் வீன. எழுதியவர்கள் ஹான்ஸ் யானோவிட்ஸும் கார்ல் மேயரும். சந்தையில் வித்தை காட்டும் காலிகரி என்ற கிழவர், தூக்கத்திலேயே வாழும் சேஸர் என்ற இளைஞனைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். பகலில் அவன் குறி சொல்வான். இரவில் அவர் ஏவினால் போய்க் கொல்வான். அந்த சேஸர்தான் வைட்.

இந்தப் படத்தில் நேரான சுவரே கிடையாது. கோணல் வீடுகள், கத்தி முனை போன்ற ஜன்னல்கள். நிழலைக்கூட விளக்கு வைத்து உண்டாக்காமல் சாயத்தால் தீட்டியிருப்பார்கள். இப்படி ஒரு செட்டுக்குள் சாதாரணமாக நடக்கிற மனிதனை விட்டால் படமே குலைந்துவிடும். மற்ற நடிகர்கள் பலர் அங்கே அந்நியமாகத்தான் தெரிகிறார்கள். வைட் மட்டும் அந்தச் சுவரிலிருந்தே கிளம்பி வந்தவர் மாதிரி இருக்கிறார். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, ஆறடிக்கும் மேலான ஒல்லியான உருவம், சுவரைத் தடவிக்கொண்டே நகரும் நடை. கையைத் தூக்கினால் அது செட்டில் வரைந்த ஒரு கோடாகவே மாறிவிடும்.

எல்லோரும் பேசுவது அவர் கண் விழிக்கும் காட்சியைப் பற்றி. சரிதான், அது பெரிய காட்சி. காமிரா நெருக்கத்தில் நிற்க, முகத்தில் முதலில் மெல்லிய நடுக்கம், பிறகு இமைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, கடைசியில் கண்கள் அகலத் திறந்து நம்மையே பார்க்கும். என்னை அதைவிட அதிகம் பாதித்தது பின்னால் வரும் இடம். ஜேன் என்ற பெண்ணைக் கொல்ல வந்து கத்தியை ஓங்குகிறான். அவள் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது. வசனம் எதுவும் இல்லை. ஏவிவிடப்பட்ட ஒரு கருவிக்குள் மனிதன் ஒருவன் விழித்துக்கொள்வதை அந்தச் சில நொடிகளில் வைட் காட்டிவிடுகிறார். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு கூரைகள் மேல் ஓடி, வலுவிழந்து விழுந்து சாகிறான். படம் முடிந்து யோசித்தால், கொலைகாரனுக்காகத்தான் மனம் கனத்திருக்கும்.

போர் முடிந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத காலம் அது. மேலிருந்து வந்த கட்டளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொல்லப் போனவர்களும், அவர்களை இழந்தவர்களும்தான் அன்று அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள். சேஸர் யார் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது.

தன்பாலின ஈர்ப்பைப் பற்றி 1919லேயே படம் எடுத்தார்களா?

எடுத்தார்கள், அதன் நாயகன் வைட். ‘மற்றவர்களிலிருந்து வேறானவர்கள்’ என்பது படப்பெயரின் பொருள். இயக்குநர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட். பாலியல் ஆய்வாளரான மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் கதையில் பங்கெடுத்ததோடு படத்தில் மருத்துவராகவும் வருகிறார். ஆண்கள் ஒருவரை ஒருவர் நேசிப்பதைக் குற்றமாக்கிய 175ஆம் சட்டப்பிரிவை நேரடியாக எதிர்த்த படம்.

வைட் ஏற்றது பால் கோர்னர் என்ற வயலின் கலைஞர் வேடம். அவரை ஒருவன் மிரட்டிப் பணம் பறிக்கிறான். வழக்கு, அவமானம், கடைசியில் தற்கொலை. வளர்ந்து வரும் 26 வயது நடிகர் தன் பெயருக்கு என்ன ஆகுமோ என்று யோசித்திருந்தால் இதைத் தொட்டிருக்க மாட்டார். படத்துக்கு எதிர்ப்பு கிளம்பியது. 1920இல் பொதுக் காட்சிக்குத் தடை வந்தது. இன்று முழுப்படம் இல்லை, மீட்ட பகுதிகளை இணைத்துத்தான் பார்க்க முடியும். அந்தப் பகுதிகளிலும் வைட் நாயகனை இரக்கத்துக்குரியவனாகக் குறுக்காமல் கண்ணியத்தோடு நிறுத்தியிருப்பது தெரிகிறது. 175ஆம் பிரிவு ஜெர்மன் சட்டத்திலிருந்து முழுதாக நீங்க 1994 ஆயிற்று.

இந்திய மகாராஜாவாக நடித்தாரா?

ஆம். 1921இல் ஜோ மே இயக்கி இரண்டு பாகங்களாக வந்த ‘இந்தியக் கல்லறை’. எஷ்னாபூர் என்ற கற்பனை சமஸ்தானத்தின் மகாராஜா அவர். திரைக்கதை ஃப்ரிட்ஸ் லாங்கும் தேயா ஃபான் ஹார்பூவும். பெர்லினுக்குப் பக்கத்தில் வோல்டர்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் கோயிலும் அரண்மனையுமாகப் பிரம்மாண்டமான செட் போட்டார்கள்.

இந்தியாவைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்தப் படம் உதவாது. யோகி, புலி, பாம்பு என்று ஐரோப்பியர் மனதில் இருந்த இந்தியா மட்டும்தான் அதில் இருக்கிறது. ஆனால் துரோகம் செய்த மனைவியை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் தவிக்கும் மகாராஜாவாக வைட் நிற்கும் விதம் வேறு தரம். ஒரு சதையும் அசையாமல் நிற்பார். வேதனை முழுக்கக் கண்ணில் இருக்கும். பிற்பாடு 1959இல் லாங்கே இந்தக் கதையை மறுபடி எடுத்தார். அப்போதுதான் ராஜஸ்தானின் உதய்ப்பூருக்குக் காமிரா வந்தது.

1920களில் வேறு எவை முக்கியம்?

‘ஓர்லாக்கின் கைகள்’ (1924): விபத்தில் கைகளை இழந்த பியானோ கலைஞனுக்கு, மரண தண்டனை பெற்ற கொலைகாரனின் கைகளைப் பொருத்திவிடுகிறார்கள். தன் கைகளையே தன் உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு நடிப்பார் வைட். ‘பிராக் நகர மாணவன்’ (1926): கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தை விற்றுவிடும் இளைஞன்.

தனியாகச் சொல்ல வேண்டியது பால் லேனி இயக்கிய ‘மெழுகுப் பொம்மைக்கூடம்’ (1924). இதில் மூன்று கதைகள், மூன்று பெரிய நடிகர்கள். எமில் யானிங்ஸ் பாக்தாத் கலீஃபா. வெர்னர் கிராவுஸ் லண்டன் கொலைகாரன் ஜாக். வைட், ரஷ்யாவின் கொடுங்கோலன் இவான். தனக்கு விஷம் வைத்துவிட்டார்கள், மணற்கடிகாரத்தில் மணல் தீர்ந்தால் உயிரும் தீரும் என்று நம்பி, அந்தக் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வைத்தே பைத்தியமாகிறான் இவான். அந்தப் பயத்தை வைட் காட்டும்போது கொடுங்கோலன் மறைந்துபோய் உயிருக்கு அஞ்சும் ஒரு பாவப்பட்ட ஜீவன் தெரிகிறான்.

யானிங்ஸ், கிராவுஸ், வைட். இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வையுங்கள். ஒன்பதே வருடத்தில் மூவர் பாதையும் எப்படிப் பிரிந்தது என்று கீழே சொல்கிறேன்.

பேட்மேன் கதையின் ஜோக்கருக்கு முகம் கொடுத்தவர் இவர்தானா?

பெருமளவுக்கு ஆமாம். 1928இல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனத்துக்காக அதே பால் லேனி இயக்கிய படம் ‘சிரிக்கும் மனிதன்’. விக்டர் ஹியூகோவின் நாவல்தான் மூலம். அரசனை எதிர்த்த பிரபுவின் மகன் க்வின்பிளெய்ன். அவன் சிறுவனாக இருக்கும்போதே, எப்போதும் இளித்துக்கொண்டிருக்கும்படி முகத்தைக் கீறிவிடுகிறார்கள். வளர்ந்து சந்தைக் கோமாளியாகிறான். பார்வையில்லாத தேயா என்ற பெண் அவனை நேசிக்கிறாள்.

வாயை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஒரு கருவியை வைட்டின் வாய்க்குள் மாட்டினார்கள். அதை மாட்டியபின் அவரால் ஒழுங்காகப் பேச முடியாது. ஊமைப்படம் என்பதால் சமாளித்தார்கள். நடிகனுக்கு முகத்தின் கீழ்ப்பாதி அடியோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காட்சியிலும் உதடு ஒரே சிரிப்பில் உறைந்திருக்கும். மிச்சம் இருப்பது கண்ணும் புருவமும்தான். அவற்றைக் கொண்டே வெட்கம், ஆசை, அவமானம், கோபம் எல்லாவற்றையும் காட்டுகிறார். கூட்டம் அவனைப் பார்த்துச் சிரிக்கும்போது துணியால் வாயை மறைத்துக்கொள்வான். அந்த நொடியில் கண்ணில் தேங்கும் துக்கத்தைப் பார்த்துவிட்டு, வைட் வில்லன் நடிகர் மட்டுமே என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

1940இல் ‘பேட்மேன்’ முதல் இதழில் ஜோக்கர் வந்தான். அவனை உருவாக்கியதில் பாப் கேன், பில் ஃபிங்கர், ஜெர்ரி ராபின்சன் மூவரும் சம்பந்தப்பட்டவர்கள். யார் என்ன செய்தார்கள் என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆனால் க்வின்பிளெய்ன் வேடத்தில் வைட்டின் புகைப்படம் அவர்கள் கையில் இருந்தது என்பதில் சண்டை இல்லை. ஜோக்கரைப் பார்த்து ரசித்தவர்கள் ஒரு முறையாவது இந்த மூலத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சிரிப்பு இங்கே கொடூரத்துக்கான அடையாளமே அல்ல, கொடூரத்துக்கு ஆளானதன் தழும்பு.

அவ்வளவு நன்றாகப் போயும் ஹாலிவுட்டை விட்டு ஏன் போனார்?

பேசும்படம் வந்துவிட்டது. அவருடைய ஆங்கிலம் அன்று அதற்குத் தயாராக இல்லை. 1929இல் ஜெர்மனிக்குத் திரும்பினார். அங்கே ‘மாநாடு ஆடுகிறது’ (1931) படத்தில் இளவரசர் மெட்டர்னிக், அடுத்த ஆண்டு ரஸ்புடின் என்று பேசும்படங்களிலும் உடனே கால் ஊன்றிவிட்டார். அப்புறம் ஆங்கிலமும் பழகி, 1932இல் பிரிட்டனில் ‘ரோம் எக்ஸ்பிரஸ்’ நடித்தார்.

1933இல் என்ன நடந்தது?

அந்த ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். சினிமாத் துறை பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் கைக்குப் போயிற்று. யூதர்களையும் எதிர்ப்பாளர்களையும் ஸ்டுடியோக்களிலிருந்து துரத்தத் தொடங்கினார்கள். வேலை தொடர வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தன் இனத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று படிவம் வந்தது.

வைட் யூதர் இல்லை. புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவராக வளர்ந்தவர். புகழ் இருக்கிறது, பணம் இருக்கிறது, வாயை மூடிக்கொண்டிருந்தால் நாஜிகளே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். ஆனால் அவர் காதலித்தது இலோனா பிராகர் என்ற ஹங்கேரிய யூதப் பெண்ணை. எல்லோரும் லில்லி என்று அழைப்பார்கள். யூத மனைவியை விவாகரத்து செய்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. இவர் அந்த நேரத்தில் லில்லியைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் படிவத்தில் தானும் யூதர் என்றே எழுதினார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. திருமணமாகி ஒரு வாரத்தில், 1933 ஏப்ரலில், இருவரும் இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

போன கையோடு அவர் நடித்த படங்களைப் பாருங்கள். 1933இல் ‘அலையும் யூதன்’. 1934இல், லயன் ஃபாய்ஷ்ட்வாங்கரின் நாவலை வைத்து பிரிட்டனில் எடுத்த ‘யூதர் ஸூஸ்’. இரண்டும் யூதர்கள் மீதான வெறுப்பை எதிர்த்துப் பேசிய படங்கள். நாஜி ஆட்சிக்கு அவர் மீது எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையில் ‘வில்லியம் டெல்’ படத்துக்காக அவர் ஒரு முறை ஜெர்மனிக்குப் போக வேண்டியிருந்தது. வேடம் கெஸ்லர் என்ற கொடுங்கோல் ஆளுநர். போனவரை அவர்கள் திரும்ப விடவில்லை. உடல்நலமில்லை, பயணம் செய்ய முடியாது என்று காரணம் சொன்னார்கள். லண்டன் ஸ்டுடியோ தன் பக்கத்திலிருந்து மருத்துவரை அனுப்பி, ஆள் நன்றாக இருக்கிறார் என்று நிரூபித்த பிறகுதான் வெளியே வந்தார். போர் தொடங்குமுன்பே பிரிட்டிஷ் குடிமகனாகிவிட்டார்.

அந்த மற்ற இரண்டு நடிகர்கள் என்ன ஆனார்கள்?

எமில் யானிங்ஸ், சிறந்த நடிகருக்கான முதல் ஆஸ்கரை வாங்கியவர். பேசும்படம் வந்ததும் அவரும் ஜெர்மனிக்குத் திரும்பினார். நாஜிகளோடு ஒத்துப்போய், 1941இல் ‘ஓம் க்ரூகர்’ போன்ற பிரச்சாரப் படங்களில் நடித்தார். போருக்குப் பின் மறுபடி படம் நடிக்கவே முடியாமல் 1950இல் ஆஸ்திரியாவில் இறந்தார்.

வெர்னர் கிராவுஸ் கதை இன்னும் கசப்பு. ‘காலிகரி’யில் டாக்டர் காலிகரியே அவர்தான். வைட்டை ஏவி விடும் கிழவர். வைட் லண்டனில் நடித்த அதே ஸூஸ் கதையை 1940இல் நாஜிகள் தலைகீழாக்கி, யூத வெறுப்பைக் கக்கும் படமாக எடுத்தார்கள். அதில் யூதப் பாத்திரங்கள் பலவற்றை ஒருவரே ஏற்று, கேலிச்சித்திரங்களாக்கி நடித்தார் கிராவுஸ்.

திறமையில் மூவரும் சளைத்தவர்கள் இல்லை. கிராவுஸை மேடையில் பார்த்தவர்கள் அவரை மகா நடிகர் என்பார்கள். அதனால்தான் எனக்கு வைட்டின் முடிவு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. வேறு வழி இருந்தும் அவர் நாட்டை விட்டுப் போனார். தாய்மொழியில் நடிக்கும் வாய்ப்பை 40 வயதில் விட்டுக் கொடுப்பது ஒரு நடிகருக்கு எவ்வளவு பெரிய இழப்பு!

பிரிட்டனில் என்ன வேடங்கள் கிடைத்தன?

வில்லன் என்று ஒதுக்கிவிடவில்லை. ‘டார்க் ஜர்னி’யில் (1937) விவியன் லீக்கு ஜோடி. ‘கறுப்பில் ஒற்றன்’ (1939) இன்னும் முக்கியம். பிரிட்டிஷ் சினிமாவின் புகழ்பெற்ற இரட்டையரான மைக்கேல் பவலும் எமெரிக் பிரஸ்பர்கரும் முதன்முதலில் சேர்ந்த படம் அதுதான். முதல் உலகப் போரில் ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கு வரும் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தலைவனாக வைட். எதிரி நாட்டு ஒற்றன்தான் கதையின் மையம், நாமும் அவன் பக்கமே சாய்கிறோம். அடுத்த ‘காண்ட்ராபேண்ட்’ (1940) படத்தில் இருளடைந்த போர்க்கால லண்டனில் ஓடித் திரியும் டேனிஷ் கப்பல் தலைவன். நகைச்சுவையும் காதலும் அவருக்கு எவ்வளவு லேசாக வரும் என்று அதில் தெரியும். இன்னும் நாலு படம் அப்படிக் கொடுத்திருக்கலாம்!

‘பாக்தாத் திருடன்’ படத்தில் இருப்பவரும் இவரா?

அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த 1940 படம் என்றால், ஆம். மந்திரவாதி அமைச்சன் ஜாஃபர் அவர்தான். திருட்டுச் சிறுவன் அபுவாக வருபவர் சாபு. மைசூர் சமஸ்தானத்து யானைப்பாகனின் மகன், சிறுவனாக இருந்தபோதே ‘எலிஃபண்ட் பாய்’ மூலம் உலகம் அறிந்த நட்சத்திரம். லண்டனில் தொடங்கிய படப்பிடிப்பு போரால் தடைபட்டு அமெரிக்காவில் முடிந்தது. ஒளிப்பதிவு, கலை, தந்திரக்காட்சி என மூன்று ஆஸ்கர்.

வைட் கப்பல்மேல் கையை விரித்துக் காற்றை அழைக்கும் காட்சியைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த மந்திரவாதிக்கும் ஒரு வலி உண்டு. இளவரசியை மந்திரத்தால் வசப்படுத்த அவனால் முடியும். அவன் கேட்பதோ அவள் தானாகத் தரும் அன்பு. அதைச் சொல்லும்போது அவர் குரல் தணியும். பயங்கரமானவன் ஒரு கணம் கெஞ்சுகிறவனாகிவிடுவான். டிஸ்னியின் ‘அலாதீன்’ கார்ட்டூனில் வரும் ஜாஃபருக்குப் பெயரும் சாயலும் இங்கிருந்து வந்தவை.

நாஜிகளிடமிருந்து தப்பியவர், நாஜியாகவே நடிக்க எப்படி மனம் வந்தது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அமெரிக்காவுக்குப் போனபோது அந்த நாடு இன்னும் போரில் இறங்கவில்லை. நாஜிகள் யார் என்று அமெரிக்க மக்களுக்குக் காட்டும் படங்கள் தேவைப்பட்டன. அதற்கு ஜெர்மன் உச்சரிப்பும் கம்பீரமும் உள்ள நடிகர் வேண்டும். ‘எஸ்கேப்’ (1940), ‘ஆல் த்ரூ த நைட்’ (1942) என்று தொடர்ந்து கூப்பிட்டார்கள். ‘நாஜி ஏஜென்ட்’ (1942) படத்தில் இரட்டை வேடம்: ஒருவன் நாஜி, அவனோடு பிறந்த இன்னொருவன் அமெரிக்காவை நேசிப்பவன்.

வைட் இதைத் தன் பங்குச் சண்டையாகவே எடுத்துக்கொண்டார் என்று படங்களைப் பார்த்தாலே புரியும். அவருடைய நாஜிகள் கத்த மாட்டார்கள், மேசையைக் குத்த மாட்டார்கள். நாகரிகமாகப் பேசுவார்கள், புன்னகைப்பார்கள். மற்றப் பாத்திரங்களுக்கெல்லாம் வலியைக் கொடுத்த இந்த நடிகர், நாஜி அதிகாரிகளுக்கு மட்டும் அந்த இரக்கத்தைத் தர மறுத்திருக்கிறார். ஸ்ட்ராஸரிடம் காயம், ஏக்கம் எதையும் தேடிப் பாருங்கள், கிடைக்காது. வழவழப்பான மேல்தோல் மட்டும்தான். இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

சம்பாத்தியத்தில் பெரும் பகுதியைப் பிரிட்டனின் போர்ச் செலவுக்குக் கொடுத்தார். இதைக் கேட்டபின் அவர் வேடங்களைப் பற்றிச் சந்தேகம் யாருக்கும் எழாது.

‘காசாபிளாங்கா’வில் அவர் பங்கு எவ்வளவு?

திரையில் வரும் நேரம் குறைவுதான். படம் 1942 கோடையில் வார்னர் ஸ்டுடியோவில் மைக்கேல் கர்டிஸ் இயக்கத்தில் எடுக்கப்பட்டது. எம்ஜிஎம் ஸ்டுடியோவிடம் ஒப்பந்தத்தில் இருந்த வைட்டை இரவல் வாங்கினார்கள். வாரத்துக்கு 5,000 டாலர். வாரக் கணக்கில் பார்த்தால் நாயகன் ஹம்ஃப்ரி போகார்ட்டைவிட அதிகம்.

அந்தப் படத்தின் நடிகர் பட்டியலே ஒரு அகதிகள் பட்டியல். பால் ஹென்ரைட், பீட்டர் லோரி, மார்செல் டாலியோ, மேட்லின் லபோ, கர்ட் போய்ஸ் என்று ஹிட்லரால் நாடு விட்டு ஓடியவர்கள் அடுக்கடுக்காக இருக்கிறார்கள். கதாநாயகன் ரிக் நடத்தும் மதுக்கூடத்தில் ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைப் பாட, எதிரே மற்றவர்கள் எழுந்து பிரெஞ்சு தேசிய கீதத்தைப் பாடி அதை அமுக்கும் காட்சி ஒன்று வரும். பாடிக்கொண்டே அழும் லபோவின் கண்ணீர் நடிப்பு மட்டுமில்லை. கணவர் டாலியோவோடு பாரிஸிலிருந்து தப்பி வந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஜெர்மன் பாட்டை நடத்தி நிற்கும் ஸ்ட்ராஸரும் அதே ஹிட்லரால் நாட்டை விட்டவர்தான். அந்தப் பாட்டு தோற்க வேண்டுமென்று அந்தக் கூடத்தில் எல்லோரையும்போல அவரும் விரும்பியிருப்பார்.

எப்படி இறந்தார்?

1943 ஏப்ரல் 3 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் ரிவியரா மைதானத்தில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. வயது 50. ‘காசாபிளாங்கா’ சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியதை அவர் பார்க்கவில்லை, ஹிட்லர் வீழ்ந்ததையும் பார்க்கவில்லை. கடைசிப் படமான ‘அபவ் சஸ்பிஷன்’ இறந்த பிறகு வெளியானது. அஸ்தி பல காலம் நியூயார்க்கில் இருந்தது. 1998இல் லில்லியின் அஸ்தியோடு சேர்த்து லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் வைத்தார்கள்.

எல்லாப் படங்களும் கிடைக்கின்றனவா?

இல்லை. ஆரம்ப காலப் படங்களில் பல அழிந்துவிட்டன. எனக்கு மிகவும் வலிப்பது 1920இல் முர்னாவ் இயக்கிய ‘யானுஸ் தலை’. நல்லவன் ஒருவனும் அவனுக்குள் இருக்கும் கெட்டவனும் என இரண்டு முகங்களையும் வைட் ஏற்ற படம், சின்ன வேடத்தில் பின்னாளைய டிராகுலா பேலா லுகோசி. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

புதிதாகப் பார்ப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

ஊமைப்படம் பழக்கமில்லாதவர்கள் ‘பாக்தாத் திருடன்’ பாருங்கள். வண்ணம், பாட்டு, மந்திரம் எல்லாம் இருக்கிறது, குழந்தைகளோடும் பார்க்கலாம். அடுத்து ‘காசாபிளாங்கா’, பிறகு ‘கறுப்பில் ஒற்றன்’. அதற்குள் அவர் குரலும் நடையும் பிடிபட்டுவிடும். அப்போது ‘காலிகரி’க்குப் போங்கள். ஒன்றேகால் மணி நேரம்தான். 2014இல் சுத்தம் செய்து வெளியிட்ட பிரதியாகப் பார்த்து எடுங்கள். இணையத்தில் சுற்றும் மங்கலான பிரதிகளில் அந்தக் கண்களே தெரியாது. ‘சிரிக்கும் மனிதன்’ படத்தை அதற்குப் பிறகு, அவசரமில்லாத ஒரு இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி இசையோடு வந்த பிரதியாக இருந்தால் நல்லது.